சாயாத இரு புள்ளிகள்

கார் ஓய்ந்து கூதிர் புகும் நாட்களுக்கென ஒரு மௌனம் உண்டு. பெய்து களைத்த வானம் தன் பாரத்தை இறக்கிவைக்க இடமின்றிக் கூரைகளின் மேலேயே தாழ்ந்து நிற்கும். ஈரச் சுவரின் வாடை அழையாத விருந்தாளிபோல் அறைக்குள் வந்து அமரும். பறவைகளும் குரலெடுக்குமுன் ஒருகணம் தயங்கும். அத்தகைய மாலையொன்றில், விளக்கேற்றும் பொழுதுக்குச் சற்று முன், பழைய கேமராவில் எடுத்த படங்களை அவள் கடைசி முறையாகக் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு படத்தில் அவள் கை நின்றது.

"அக்கா, கடையைப் பூட்டிருவான்" என்றான் நாற்காலியில் சரிந்திருந்த தம்பி. மடியில் புதிய கேமரா. ஒருநாள் பார்த்துவிட்டுத் தருவதாகக் கடையில் சொல்லி வாங்கிவந்தவன் அவன்தான். பிடித்தால் பழையதைக் கொடுத்துவிட்டு இதை வைத்துக்கொள்ளலாம்.

"இருடா, பறந்தா போகுது?"

"உன் கிழவி எங்க பறக்கப்போறா? அவ 'க்ளிக்'குன்னா மான்தான் காடு மாறி ஓடுது."

அவளுக்கு அந்தப் பழைய கேமரா கிழவி அன்று. சதுப்புநிலத்து விடியல்களில், இலைமறைப்புக்குள் குப்புறக் கிடந்து, நாரையொன்று கழுத்தை நீட்டும் கணத்துக்காக அவள் காத்திருந்ததுண்டு. அப்போதெல்லாம் கண்வைத்துப் பார்க்கும் அச்சிறு துளையே அவளுக்குக் கருவறை வாசல்.

ஆனால் இப்பருவத்தின் அந்திப் படங்கள் அனைத்திலும் இரு வெண்புள்ளிகள் விழுந்தன. சென்சார் பழுது என்றான் தம்பி. அவளும் நம்பினாள். நாணலிலோ நீரிலோ, அவை தெரிந்த இடத்தில் மென்பொருளால் துடைத்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவது கைப்பழக்கமாகியிருந்தது.

இன்று பார்ப்பவை துடைக்காத மூலப்படங்கள்.

கண்ணாடியில் படிந்த கறைபோல, பழுது கேமராவோடு ஒட்டியது. கேமராவை நெட்டுக்குத்தாகத் திருப்பினால், பக்கம் பக்கமாக இருந்த புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்ந்தாக வேண்டும். அவள் கை நின்ற படம் நெட்டுக்குத்தாக எடுத்தது. புள்ளிகள் நிமிரவில்லை. நிலத்துக்கு இணையாக, சாயாமல், அவளையே நோக்கி இருந்தன.

படங்களை வரிசையாகத் திறந்தாள். முதலில், அக்கரை நாணலில். பிறகு, நீரின் நடுவே. பிறகு, இக்கரைச் சேற்றில். நேற்று எடுத்தது இவ்வீட்டு வாசல். அவளுடைய செருப்புகளுக்கு நேர்மேலே, கதவின் மேல்நிலையை ஒட்டி.

ஒரு பருவம் முழுவதும் துடைத்துத் துடைத்தே அதை வீடுவரை அழைத்துவந்திருந்தாள்.

"புதுசைக் குடு" என்றாள்.

"அப்படி வா வழிக்கு! மனுஷனோ மிருகமோ, கண்ணைத் தேடிப் பிடிச்சுப் பச்சைக் கட்டம் போடும். என்னையே புடிச்சுப் பாரு."

கட்டம் அவன் கண்ணில் விழுந்தது. ஒருகணம் துடித்தது. பின் நழுவி, அவன் தோளைக் கடந்து, பின்னாலிருந்த இருண்ட நடைவழியில் போய் நின்றது.

"உன்னை விட்டுட்டு எங்கயோ போகுதுடா."

"என் மூஞ்சி பிடிக்கலையோ என்னவோ. பூனையா இருக்கும்."

"நம்ம வீட்டுல ஏதுடா பூனை?"

கேமராவைத் தாழ்த்தினாள். வெற்று நடைவழி. உயர்த்தினாள். பச்சைக் கட்டம். சற்றுப் பெரிதாக. நெருங்கி வருவதன் கண்ணுக்கே கட்டம் பெரிதாகும். அதை அவள் அறிவாள்.

சேற்று வாடை.

தரையில் ஈரம் ஒட்டிப் பிரியும் ஒலி. ஒருமுறை. மீண்டும் ஒருமுறை.

"என்னக்கா, வேர்க்குது உனக்கு? பேசாம இதையே எடுத்துக்க. பழசைத் தள்ளிவிட்டா புள்ளியும் போச்சு, தொல்லையும் போச்சு."

எத்தனை எளிது! கொடுத்துவிடலாம். கட்டத்தை அணைத்துவிடலாம். பழுது என்று இன்னொரு முறை சொல்லிக்கொள்ளலாம். அச்சம் ஏறியது. அதற்கும் மேலே ஏறியது சினம். பார்ப்பதற்கென்று அருளப்பட்ட கண்ணை, பாராதிருக்கவா பழக்கினோம்?

புதியதை மேசைமேல் வைத்தாள். பழையதை எடுத்தாள். துளையில் கண்வைத்தாள். தம்பி. அவனுக்குப் பின்னே இருள். வேறொன்றுமில்லை.

க்ளிக்.

சிறு திரையில் தம்பி சிரித்தபடி இருந்தான். அவன் தலைக்கு மேலே இரு புள்ளிகள். குனிந்து, அவனை நோக்கி.

அவள் எழுந்து நின்றாள்.

"கிழவியைக் குடுக்க மாட்டேன்" என்றாள், அவன் தலைக்கு மேலே பார்த்து. "இனிமே புள்ளியைத் துடைக்கவும் மாட்டேன். இவனையும் குடுக்க மாட்டேன்."

"என்னை யாருக்கா கேட்டாங்க?"

அவள் மென்துணியால் பழைய லென்சை வட்டமாகத் துடைத்தாள். கேமராவைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். விடியல்தோறும் ஓதும் துதியை, இமை மூடாமல், முணுமுணுத்து முடித்தாள். பிறகு தம்பியை நெருங்கி அவன் உச்சந்தலையில் கை வைத்தாள்.

மயிரின்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. குளிர்ந்து, ஈரமாக, அவளுடையதைவிட நீண்ட விரல்களோடு.

அவள் கையை எடுக்கவில்லை. அதன்மேலேயே அழுத்தினாள்.

"நல்லா இருடா. நூறு வருஷம் நல்லா இரு."