பீரோவுக்குள் பாதிச் சாவி

"ஐயையோ... போச்சே...!"

பேபியின் அலறல் சேக்காடு தெருவையே உலுக்கியது.

ஈரத்தலையோடு ஓடி வந்தாள் மகள் யுவராணி. அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. முன்கோபத்திலும் அவளே முதல்!

"யாரும்மா செத்தது?"

"பீரோ சாவி உள்ள போவ மாட்டேங்குதுடி!"

யுவராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

மதியத்துக்குள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளோடு நிற்க வேண்டும். தவறினால் வேலை வேறொருத்திக்கு! சர்டிபிகேட்டுகள்...?

பீரோவுக்குள்!

செல்போன் டார்ச்சைப் பூட்டுக்குள் அடித்தாள். உள்ளே உடைந்த சாவித் துண்டு ஒன்று மின்னியது.

"சாவிய ஒடச்சிட்டியாம்மா?"

"இன்னாடி சொல்ற? என் சாவி முழுசா கைல கீது பாரு!"

முழுசாகத்தான் இருந்தது. அப்படியென்றால்... உள்ளே இருப்பது யாருடைய சாவி?

யாரோ திருட்டுத்தனமாகத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள்!

பூட்டு அரதப்பழசு. எந்தச் சாவியைப் போட்டு ஆட்டினாலும் திறக்கும். அவசரத்துக்கு அப்பா சைக்கிள் சாவியையே போடுவார். அந்த ரகசியம் சொந்தக்காரர்களுக்கு மட்டுமே தெரியும்...

வாசலில் ஸ்கூட்டர் சத்தம்.

பேபியின் அண்ணன் கோதண்டம் இறங்கினார். பின்சீட்டிலிருந்து அவர் மகன் கிஷோர். யுவராணிக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளை. அவளைத்தான் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

"ஜாதகத்த எடும்மா பேபி. ஜோசியர்ட்ட போயி தேதி குறிச்சிகினு வந்துடலாம்."

"பீரோவே தொறக்கலண்ணா!"

"அட உடு, நாளிக்கு ஆள கூட்டியாறேன். வேலைக்குப் போயி இவ இன்னா கிழிக்கப் போறா?"

யுவராணியின் கண்கள் சுருங்கின. ஓஹோ... வேலையைக் கெடுக்கத்தான் இந்தத் தில்லுமுல்லா மாமா?

"சுத்தியால ஒரே போடு போட்ரலாம் அத்தே!" பரபரத்தான் கிஷோர்.

"நீ மூடு மச்சான். அடிச்சா துண்டு இன்னும் உள்ள பூந்துக்கும்."

யுவராணி தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டாள். சின்ன ஸ்க்ரூடிரைவரால் துண்டை நேராக்கினாள். புருவம் திருத்தும் ட்வீசரால் நுனியைக் கவ்வி இழுத்தாள்.

வழுக்கியது! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி...

'டிங்!'

தரையில் விழுந்தது துண்டு. வண்டிச் சாவியின் பாதி!

"எங்க மாமா உங்க வண்டி சாவி? காட்டுங்க!"

கோதண்டம் முறைத்தபடி நீட்டினார். முழுச் சாவி!

யுவராணியின் முகத்தில் அசடு வழிந்தது. மெல்லத் திரும்பினாள்...

தெருமுனை டீக்கடைக்கே பைக்கில் போகிறவன், இன்று அப்பன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வந்திருக்கிறானே!

"மச்சான்... உன் பைக் எங்க?"

"ப... பஞ்சரு!"

"பாக்கெட்ட காட்டு!"

வெளியே வந்தது ஒரு மொட்டைச் சாவி. துண்டோடு ஒட்டி வைத்தாள். கச்சிதம்!

"அடப்பாவி! என் சர்டிபிகேட்ட திருடப் பாத்தியா?"

"அது எனக்கு இன்னாத்துக்கு? ஜாதகத்த சுடலாம்னு பாத்தேன்! நேத்து அத்த தண்ணி புடிக்கப் போனப்ப..." கிஷோர் கதவோரம் ஒதுங்கினான். "உன்ன கட்டிக்க பயமா கீது யுவராணி! எப்ப பாரு திட்டிகினே கீற!"

பேபி சாவியைப் போட்டாள்.

'க்ளிக்!'

சர்டிபிகேட் ஃபைலைப் பாய்ந்து எடுத்து நெஞ்சோடு அணைத்தாள் யுவராணி. அடியில் கிடந்த தன் ஜாதகத்தை உருவி கிஷோரின் கையில் திணித்தாள். வாழ்க்கையில் முதன்முறையாக அவனைப் பார்த்துச் சிரித்தாள்!

"லூசு மச்சான்! இதுக்கா வண்டி சாவிய ஒடச்ச? கேட்டிருந்தா நானே பீரோவ தொறந்து உட்டுட்டு, வாசல்ல காவலும் இருந்திருப்பேனே!"