ஒன்பதாம் வீட்டு வெளிச்சம்

செவ்வாய்க் கிரகத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் தரும் நிறுவனம் மரியாதை தெரிந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்குச் சுவரிலிருந்து ஒரு குரல், "இரண்டு மணி நேரம் போய் வரட்டுமா?" என்று கேட்கும். நாங்களும் "போய் வா" என்போம். வேண்டாமென்றாலும் போய்விடும்.

புழுதிப் பருவத்தில் சூரியத் தகடுகள் பாதி மின்சாரமே தரும். எங்களுக்கு அதில் வருத்தமா என்று யாரும் கேட்பதில்லை. மணிக்கட்டுக்குள் பதித்த மனமானி, நாடித்துடிப்பைப் பார்த்து மனநிறைவு நூற்றுக்கு இத்தனை என்று நிறுவனத்துக்கு அனுப்பிவிடும்.

நான் அங்கே வாடிக்கையாளர் அலுவலன். மாலை வகுப்பில் வணிக அறம் படித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் வீட்டு அன்னபாக்கியம் அக்கா, பூமியிலிருந்து வந்த நாற்பது முட்டைகளை அடைகாக்கும் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டு மணி நேரம் சூடு போனால் எல்லாம் செத்துவிடும். அவருக்கு மட்டும் விலக்கு கேட்டு மூன்று பக்கம் எழுதினேன். இரண்டு முறை அடித்துத் திருத்தினேன். மேலாளரான இயந்திரம் ஒப்புக்கொண்டது. ஆனால் மற்ற பதினோரு வீடுகளின் மனநிறைவுச் சராசரி எழுபதுக்குக் கீழே போனால் விலக்கு ரத்து.

வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். முதல் நாள் சராசரி அறுபத்தெட்டு.

"முட்டை விஷயம் தெரியும் தம்பி," என்றார் நான்காம் வீட்டு ஜெபராஜ். "அதுக்குச் சூடு போதுமே. லைட் எதுக்கு எரியுது?"

அவருக்குப் பகிர்வு நீதியை விளக்கினேன். கொட்டாவி விட்டார்.

இயந்திரம் ஒரு நாள் தவணை தந்தது. "ஒன்பதாம் வீட்டு ஜன்னலில் கறுப்புத்தாள் ஒட்டுங்கள்," என்றது.

"அது வாடிக்கையாளரை ஏமாற்றுவதாகாதா?"

பக்கத்தில் நின்ற அக்கா, "பாடத்தை வகுப்புல வச்சுக்கோ. தாளை எடு," என்றார்.

ஒட்டினேன். மறுநாள் எழுபத்து நான்கு. அடுத்த வாரம் முப்பத்தோரு குஞ்சுகள் பொரிந்தன.

'பொறாமையும் வாடிக்கையாளரும்' என்று ஆய்வுக்கட்டுரை தொடங்கினேன். தெருக்காரர்களைக் கொஞ்சம் காட்டமாகவே சாடியிருந்தேன். பின்னிணைப்புக்காக வீடுவாரியாக எண்களை எடுத்தேன்.

பத்து வீடுகளில், ஜெபராஜ் வீடு உட்பட, இரண்டு நாளும் எழுபதுக்குக் குறையவே இல்லை. ஒரே ஒரு வீடு முதல் நாள் இருபத்தேழில் கிடந்து, தாள் ஒட்டியதும் தொண்ணூற்று நான்குக்குத் தாவியிருந்தது. தாளுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது என்று அக்காவைத் தவிர அந்தத் தெருவில் தெரிந்தவன், அந்த வீட்டுக்காரன் ஒருவன்தான்.

ஆறாம் வீடு. அங்கே நான் மட்டும்தான் குடியிருக்கிறேன்.