மூன்றாம் தொட்டியின் பிழைச்செய்தி

நான் எழுதின புரோகிராம் பொய் சொல்லாது, என்று நினைத்தாள் அமிர்தம். அந்த நினைப்பே அவளைப் பயமுறுத்தியது.

கள்ளக்குறிச்சி ரோட்டுச் சர்க்கரை ஆலையின் கம்ப்யூட்டர் அறையில் மழைக்கு முந்திய புழுக்கம். மொலாசஸ் பாகின் புளித்த இனிப்பு வாடை ஜன்னல் இடுக்கில் கசிந்து, மின்விசிறியோடு சுற்றி, நாக்கில் படிந்தது. அரவை முடிந்ததும் கல்வராயன் மலை ஆட்கள் பாகுத் தொட்டிகளில் இறங்கிக் கழுவுவார்கள். இறங்கினதும் அடியிலிருக்கும் கருவியில் கழுத்தில் தொங்கும் அட்டையால் தொட வேண்டும். ஏறி வந்ததும் மேலே இன்னொன்றில். பழைய புரோகிராமை எழுதியவர்கள், பிழை வந்தால் சத்தமில்லாமல் விழுங்கிவிடும்படி வைத்திருந்தார்கள். போன வருஷம் விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்த பச்சமுத்து என்பவன் ஏறி வராததை அது யாருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் அமிர்தம் மாற்றினாள். எந்தத் தொட்டி, யார், என்ன ஆயிற்று, எல்லாம் பதிவாகும். பதிவானதும் தொட்டி வாயில் சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் யாரும் இறங்கக் கூடாது.

இப்போது திரையில்:

தொட்டி 3. இருசப்பன். அடியில் தொட்டார். மேலே வரவில்லை.

மூன்றாம் தொட்டியை இன்னும் திறக்கவேயில்லை. கழுவ வந்த இருசப்பனோ, முன் ஜன்னலில் தெரிய, அதன் வாயருகே, காதில் பீடியைச் செருகிக்கொண்டு, யாரையோ கேலி செய்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"கருவி கோளாறும்மா," என்றார் மேனேஜர் கந்தசாமி. "அந்த ஒரு பிழைய மட்டும் பதியாம வுட்டுடு. மழ வர்றதுக்குள்ள கழுவியாவணும்."

"கருவி கோளாறுன்னா வேற செய்தி வரும் சார். ரெண்டையும் தனித்தனியாத்தான் எழுதியிருக்கேன்."

"ஜாஸ்தி எழுதினாலே தொல்லதான்." குடையை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

மறுபடி அதே வரி. மறுபடியும். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது, யாரோ மூச்சுக்குத் தவிப்பதுபோல.

பின்பக்க ஜன்னலில் தட்டும் சத்தம்.

திரும்பினாள். இருசப்பன்.

"இன்னா மேடம், எங்கள எறங்க வுட மாட்டீங்களா?" கேலிதான். குரல் மட்டும் தகரத்துக்குள்ளிருந்து வந்தது. "அந்தப் பதிவ நிறுத்துங்க. பச்சமுத்து கூப்டுக்கினே கீறான்."

விரல் பதிவை நிறுத்தும் விசைமேல் போய் நின்றது.

முன் ஜன்னலைப் பார்த்தாள். தொட்டி வாயில், சிவப்பு விளக்கின் கீழே, காதில் பீடியோடு இருசப்பன் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

மெல்லத் திரும்பினாள்.

கண்ணாடியில் அழுந்திய முகம். முடியிலிருந்து கறுப்பாகப் பாகு வழிந்தது. வாய் திறந்தே இருந்தது. கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

"நிறுத்துங்க மேடம்."

அமிர்தம் விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"மாட்டேன்பா."