முந்திக்கொண்ட குரல்

பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தபோதும் அதே இடங்களில் அந்தச் சத்தம் இருந்தது. அப்பளத்தை மெல்ல நொறுக்குகிற மாதிரி ஒரு படபடப்பு. கோளாறு என்றால் பேசும்போது வர வேண்டும். இதுவோ நிம்ஃபா மூச்சு வாங்க நிறுத்திய இடங்களில் மட்டுமே வந்தது, அவள் எப்போது நிறுத்துவாள் என்று யாரோ காத்திருந்ததுபோல.

துணி அலமாரிதான் அவளுடைய ஸ்டூடியோ. கதைகளை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவது பிழைப்பு. பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் சேவலும் டிரைசிக்கிள் வண்டிகளும் வாயை மூடுவதில்லை என்பதால், கப்பல் வேலைக்குப் போயிருந்த கணவனின் சட்டைகளுக்கு நடுவே நாப்தலின் நெடியில் வியர்த்து வழிய உட்கார்ந்திருப்பாள். வெளியே பாயில் படம் வரைந்துகொண்டிருக்கும் ஐந்து வயது மகள் பிங்குக்கு ஒரே சட்டம்: அலமாரி மூடியிருந்தால் சத்தமே கூடாது, 'ஓகே நா', இனி சரி, என்று நானாய், அதாவது அம்மா, கூப்பிட்டால்தான் எழுந்து வரலாம். வாலுப் பெண்தான், ஆனால் இந்தச் சட்டத்தை மட்டும் மீறியதே இல்லை. அதை நம்பித்தான் நிம்ஃபா கதவைச் சாத்திக்கொள்வாள். விடாத மழையில் ஆறு பின்வாசல் படிவரை ஏறியிருந்த அந்த மதியமும் அப்படித்தான் சாத்திக்கொண்டாள்.

தம்பி ஜுன்ரிலுக்குப் போன் போட்டாள். சோறு வைக்கத் தெரியாமல் குக்கரைக் கருக்கியவன் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் சொல்கிறானா என்று கிண்டலும் செய்தாள்.

அக்காவை 'மனாங்' என்று கூப்பிடுகிற அவன் அதைக் கண்டுகொள்ளவில்லை. "செட்டிங்ல பஃபரைக் கூட்டு, மனாங். மெஷினுக்கு மூச்சு விட நேரம் குடு, சத்தம் போயிடும். உன் குரல்தான் ஹெட்போன்ல கொஞ்சம் லேட்டா கேக்கும்."

கூட்டினாள். மற்றவர்கள் மைக்கைச் சோதிக்க ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். நிம்ஃபா மகளின் ஞானஸ்நானப் பெயரைச் சொல்வாள். 'ப'வும் 'ச'வும் சேர்ந்த அந்தப் பெயரில் எந்தக் கோளாறும் மாட்டிக்கொள்ளும். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அந்தப் பெயர் ஒலித்ததெல்லாம் இந்த அலமாரி இருட்டில்தான்.

"பிரிசில்யா."

தாமதமாகத் திரும்பி வந்தது. படபடப்பு இல்லை. சந்தோஷத்தில் மறுபடி சொன்னாள், மறுபடியும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் இடைவெளி குறைந்துகொண்டே வந்ததை அவள் கவனிக்கவில்லை. கடைசியில் அவள் குரலும் காதில் கேட்ட குரலும் ஒன்றாக விழுந்தன.

இன்னொரு முறை வாயைத் திறந்தாள். சொல்லவில்லை.

"பிரிசில்யா," என்றது ஹெட்போன்.

பழைய பதிவுதான் ஓடுகிறது என்று நினைத்து நிறுத்தினாள். திரையில் எல்லாம் நின்றிருந்தது. ஒலியளவைக் காட்டும் பச்சைக் கோடு மட்டும் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஹெட்போன் வயரைப் பிடுங்கினாள்.

குரல் இப்போது அலமாரிக்கு வெளியே கேட்டது. அவள் குரலேதான். காய்ச்சல் நாட்களில் மகளைத் தூங்க வைக்கிற அதே குழைவு.

"ஓகே நா, பிரிசில்யா. சத்தம் போடாம வா."

வெளியே சிறிய காலடிகள். அலமாரியை நோக்கி அல்ல. தாண்டிப் போயின. பின்வாசல் தாழ்ப்பாள் விலகியது. மழையின் இரைச்சல் திடீரென்று வீட்டுக்குள் வந்தது.

பிங், நில்லு என்று கத்தினாள். தொண்டையிலிருந்து படபடவென்று நொறுங்குகிற சத்தம் மட்டும் வந்தது. மறுபடி கத்தினாள். அதே சத்தம். சட்டைகள் முகத்தில் சுற்றிக்கொள்ள, கதவை இடித்துத் தள்ளி, தடுக்கி விழுந்து, எழுந்து ஓடினாள்.

பின்வாசல். சேற்று நீர். படியில் பிங். முழங்கால்வரை ஆறு. வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது, பெரியவர் யாரோ பிடித்து நடத்துவதுபோல. பக்கத்தில் யாரும் இல்லை.

நிம்ஃபா தண்ணீருக்குள் பாய்ந்தாள். அவள் தொண்டை படபடத்தது.

பிங் திரும்பிப் பார்த்தாள். யாரோ அந்நியரைப் பார்க்கிற மாதிரி முகம் சுருங்கியது. இடது கை விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதே என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்த படியில் இறங்கினாள்.