ஆறு மணி போன்

எனக்குக் கோபம் வந்தால் காது சிவந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் இரண்டு காதும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன.

காரணம், அனந்தராமன் மாமாவின் லேப்டாப்.

மாமா என் அம்மாவின் பெரியப்பா பிள்ளை. அமெரிக்காவிலிருந்து வந்து, அபிராமபுரத்தில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். மத்தியானம் சாப்பிட்டதும் எங்கள் போனிலிருந்து வயரை உருவி, லேப்டாப்பில் செருகினார். இது நடந்தது 1998-இல். அப்போது இன்டர்நெட் போன் வயர் வழியாகத்தான் வரும். வயர் லேப்டாப்பில் இருக்கும்வரை போன் வெறும் பொம்மைதான்.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அப்பா மஸ்கட்டிலிருந்து பேசுவார். வாரத்தில் ஒரே ஒரு தடவை. அங்கே டெலிபோன் பூத்தில் வரிசையில் நின்று பேச வேண்டும். லைன் கிடைக்காவிட்டால் பின்னால் நிற்பவருக்கு வழிவிட வேண்டியதுதான். அப்புறம் அடுத்த ஞாயிறுதான்.

"அம்மா, மணி அஞ்சரை ஆயிடுத்து. மாமாகிட்ட சொல்லு," என்றேன்.

"ஷ்! ஆத்துக்கு வந்தவாகிட்ட அப்படியெல்லாம் சொல்லப்படாது. அவராவே எடுத்துடுவார்."

அதோடு விட்டாளா? மாமாவுக்கு இன்னொரு காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். கூடவே ஒரு தட்டு முறுக்கு வேறு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறுக்கு இருக்கும்வரை மாமா ஏன் எழுந்திருக்கப் போகிறார்?

லேப்டாப் "பீப் பீப் பீப்" என்றது. ஆனால் லைனில் "ஙொய்ங்" என்ற சத்தம் நிற்காமல் ஓடியது. இன்டர்நெட் வரவில்லை.

"சே! உங்க ஊர் லைனே சரியில்லை," என்றார் மாமா.

உங்க ஊரா? இவர் பிறந்ததே மயிலாப்பூரில்!

மாமா திரும்பவும் தட்டினார். "பீப் பீப்" என்று என் தம்பி சாய்சரண் கூடவே பாடினான். அவனை முறைத்தேன். மறுபடியும் பீப். மறுபடியும் ஙொய்ங். ஆறு மணி அடிக்கப் பத்து நிமிடம்தான் இருந்தது.

"மாமா! போதும்!" கத்தியே விட்டேன். "ஆறு மணிக்கு எங்கப்பா போன் பண்ணுவா. வயரைக் கொடுங்கோ!"

"நீரஜா!" என்று அம்மா அதட்டினாள்.

மாமா திகைத்துப் போனார். "அப்பா போனா? மத்தியானத்துலேர்ந்து யாரும் சொல்லவே இல்லையே?" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா முறுக்குத் தட்டைப் பார்த்தாள்.

மாமா உடனே வயரை உருவி என்னிடம் நீட்டினார். "இந்தா. ஒரு ரிப்போர்ட் இன்னிக்கே ஆபீசுக்குப் போகணும். போகலைன்னா மேனேஜர் திட்டுவான். திட்டிட்டுப் போறான், விடு."

நான்தான் ஜெயித்தேன். ஆனாலும் எரிச்சலாகவே இருந்தது. மாமா முகத்தை இப்படித் தொங்கப் போட்டுக்கொண்டால் நான் எப்படிச் சந்தோஷப்படுவது?

வயரைச் செருகப் போனைத் திருப்பினேன். அதன் அடியில் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அதைப் பார்த்ததும் சட்டென்று ஞாபகம் வந்தது.

போன மாதம் சாய்சரண் அந்த சுவிட்சைத் தள்ளிவிட்டான். அன்றைக்கு எந்த நம்பரை அழுத்தினாலும் "பீப்" என்றுதான் சத்தம் வந்தது. "ஙொய்ங்" நிற்கவே இல்லை. சுவிட்சைப் பழையபடி தள்ளியதும், "டக டக டக" என்று நம்பர் ஒழுங்காகப் போனது.

"மாமா, எங்க லைனுக்கு பீப் பீப் புரியாது. டக டகதான் புரியும். உங்க லேப்டாப்புல இந்த மாதிரி சுவிட்ச் இருக்கா?"

மாமா சுவிட்சைப் பார்த்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஆமாம்! டக டகன்னா பல்ஸ். இங்கே பல்ஸ்னு வைக்கணும். நான் பீப் பீப் டோன்லயே வெச்சிண்டிருக்கேன்!"

லேப்டாப்பில் எதையோ தேடி மாற்றினார். பிறகு தயங்கினார். "வேண்டாம், நீரஜா. முதல்ல அப்பா பேசட்டும்."

கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது.

"ஒரே ஒரு தடவை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு வயரைக் கொடுத்தேன். "சீக்கிரம்!"

டக டக டக. "ஙொய்ங்" நின்றது! "கிர்ர்ர்... கீஈஈச்" என்று லேப்டாப் அலறியது. சாய்சரண் காதைப் பொத்திக்கொண்டான். ரிப்போர்ட் ஆடி அசைந்து போக ஆரம்பித்தது. கடிகாரம் மட்டும் வேகமாக ஓடியது. நான் லேப்டாப்பை முறைத்துக்கொண்டே நின்றேன்.

"போய்ச் சேர்ந்துடுத்து!" என்று மாமா குதித்தார்.

வயரைப் பிடுங்கிப் போனில் செருகினேன். கையை எடுப்பதற்குள் போன் மணி அடித்தது.

"அப்பா!"

"நீரு! ஏண்டா குரல் இப்படி இருக்கு? கோபமா?"

"ரொம்ப!"

அதற்குள் மாமா லேப்டாப்போடு பக்கத்தில் வந்து நின்றார். "ஒரே நிமிஷம்... பதில் வந்திருக்கான்னு பார்த்துட்டு..."

அம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"அனந்து அண்ணா, அவ அப்பாவோட பேசிண்டிருக்கா. முடிக்கட்டும்."

என் காது அப்போதுதான் குளிர்ந்தது. நான் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, முதல் பீப்பிலிருந்து அப்பாவுக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.