கருவிகள் நுழையாத வீடு

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சிங்காநல்லூர்க் குளத்துக்கு எதிரே இருந்த அந்த வீட்டு வாசலில் நின்று, கார்குழலி தன் உடம்பிலிருந்த கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கைப்பட்டை, காதுக்குள் இருந்த பேசி, உடம்பில் நோய் இருந்தால் கண்டு சொல்லும், சட்டைப் பித்தானாகத் தைத்திருந்த உடல்காணி. மூன்றையும் சுவரில் பதித்திருந்த ஈயப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினாள். பிறகுதான் கதவு திறந்தது.

உள்ளே எடுத்துச் செல்ல அனுமதி இருந்தவை நான்கே பொருள்கள்: ஸ்டெதஸ்கோப், சாவி கொடுத்து ஓடும் கடிகாரம், நோட்டு, பென்சில்.

"வா கண்ணு," என்றார் ரத்தினசபாபதி. சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் தயாராக உட்கார்ந்திருந்தார். "நேத்து வந்த தீர்த்தனுக்குக் கை ஐஸாட்டம் இருந்துச்சு. நெஞ்சுல வெச்சதும் துள்ளி விழுந்துட்டேன். நீயாச்சும் கையத் தேய்ச்சுட்டு வை."

"தேய்ச்சுட்டுத்தானுங்க வந்தேன்."

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. சிறு வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதயத்தின் இடது வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. பிறந்தவுடன் போடும் சீரமைப்பு ஊசி வந்தபின் அந்த நோய் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. மாநிலம் முழுவதும் பதினொரு பேருக்குத்தான் மிச்சமிருந்தது. சீராக்கி இயந்திரம் அவரை நாற்பது நிமிடத்தில் குணமாக்கிவிடும். ஆனால் இருபத்திரண்டு வருடங்களாக அவர் குணமாகாமல் இருந்தார். அவர் ஒரு பாட நோயாளி, மாணவர்கள் படிப்பதற்காகவே நோயை வைத்துக்கொண்டிருப்பவர்.

முப்பது வருடங்களுக்கு முன் ஒரு சூரியப் புயலில், மருத்துவ இயந்திரங்களை எல்லாம் இயக்கும் நலவலை பத்தொன்பது நாள் செயலிழந்தது. அதுவரை ஒரு மனித உடம்பைத் தொட்டே பார்த்திராத மருத்துவர்கள் படுக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார்கள். அதன்பின் வந்த சட்டம், மருத்துவமோ செவிலியமோ படிக்கும் எவரும் உண்மையான நோயாளியிடம் முந்நூறு மணி நேரம் களப்பயிற்சி முடிக்க வேண்டும் என்றது. நொய்யல் நலப் பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு படிக்கும் கார்குழலிக்கு இருநூற்று எழுபத்தாறு முடிந்திருந்தது.

சட்டத்தில் ஒரு முடிச்சும் இருந்தது. இயந்திரம் ஒரு நோயைப் பார்த்துவிட்டால் உடனே சிகிச்சை தொடங்கியாக வேண்டும். அதனால் பாட நோயாளியின் வீட்டுக்குள் எந்தக் கருவியும் நுழையக் கூடாது. இயந்திரத்தின் இடத்தில் ஆறு மாணவர்களின் காதுகள் இருந்தன. துடிப்பின் தாளம் தவறி, நோய் வரம்பைத் தாண்டுகிறதா என்று அவர்கள்தான் கேட்டு, நோட்டில் எழுத வேண்டும். தாண்டியது என்று ஒருவர் எழுதினால் அன்றே அவருக்குச் சிகிச்சை, அன்றே பயிற்சி முடிவு. மீதி மணி நேரத்துக்கு அடுத்த பாட நோயாளி கிடைக்கும்வரை ஆறு பேரும் காத்திருக்க வேண்டும். வேறொரு நோயாளியிடம் பாதியில் நின்றுபோன ஓர் அணி பதினான்கு மாதம் காத்திருந்தது.

கார்குழலி ஸ்டெதஸ்கோப்பை அவர் இடது மார்பில் வைத்தாள். வழக்கமான உறுமல் கேட்டது. ஆனால் துடிப்புகள் இரண்டு விரைந்து வந்தன, ஒன்று தாமதித்தது, பிறகு மூன்று ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு வந்தன. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். எண்பத்தெட்டு. மறுபடியும் எண்ணினாள்; பெரிய வித்தியாசம் இல்லை. இதயம் துடித்த துடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு கைக்கு வந்து சேரவே இல்லை.

இதற்கு என்ன பொருள் என்று அவளுக்குத் தெரியும். தேங்கும் ரத்தம் கட்டியாகும். கட்டி கிளம்பினால் மூளைக்குப் போகும்.

நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினாள். தாளம்: சீர். தாளம்: சீர். அவள் ஊருக்குப் போயிருந்த கடந்த பத்து நாளும் மற்ற ஐந்து பேரின் கையெழுத்தில் அதே சொல் இருந்தது. தீர்த்தன் மட்டும் அந்தச் சொல்லை ஒரு தடவை அழித்துவிட்டுத் திரும்ப எழுதியிருந்தான்.

"என்ன கண்ணு, மூஞ்சி மாறிப் போச்சு?"

"ஐயா, படபடன்னு இருக்குதுங்களா?"

"பத்து நாளா இருக்குது. மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குது." நோட்டின் பக்கம் கண்ணைக் காட்டினார். "எழுதிப் போடாத கண்ணு. ஒரு மாசந்தானே? உங்க ஆறு பேருக்கும் முடிஞ்சுரும். அப்புறம் நானே வாயத் தொறந்து சொல்லிப்போடறேன்."

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"இருபத்திரண்டு வருசத்துல ஆகாததா? நூத்தி முப்பது பேரு என்ற நெஞ்சுல காது வெச்சுப் படிச்சிருக்காங்க. ஒருத்தரோட படிப்பும் என்னால நின்னதில்ல. பதினாலு மாசம் காத்துக் கெடந்தாங்களே, அவங்கள அந்த உடுமலை நோயாளிதான் பாதியில கைவிட்டாரு, அது நானில்ல." அந்தப் பெருமையில் அவர் முகம் மலர்ந்தது. "என்னைய சரிபண்ணிட்டா இந்த வீட்டுக்கு யாரு வருவா, சொல்லு? வாரத்துக்குப் பன்னெண்டு தடவ கதவு தொறக்குது. அதுக்கப்புறம் வாரம் ஒரு தடவகூடத் தொறக்காது."

அவள் பென்சிலைக் கையில் எடுத்தாள். வீட்டில் அப்பாவும் அம்மாவும் பட்டமளிப்பு நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அவரே கேட்கிறார், ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு 'சீர்' என்று எழுதினாள்.

புதன்கிழமை வகுப்பில் ஒரு வார்த்தையும் அவள் மண்டையில் ஏறவில்லை. வியாழக்கிழமை காலை, தன் முறை இல்லாதபோதும், நோட்டைத் திருத்தி எழுதுவதற்காகச் சிங்காநல்லூருக்குக் கிளம்பினாள்.

பெட்டியில் கருவிகளைப் பூட்டிவிட்டு உள்ளே போனபோது தீர்த்தன் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருந்தான். ரத்தினசபாபதியின் வலது கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. வாயின் ஒரு ஓரம் இறங்கியிருந்தது. காபி டம்ளர் தரையில் கவிழ்ந்து கிடந்தது.

"இப்பத்தான் பேசிட்டு இருந்தார்," என்றான் தீர்த்தன். "இப்பத்தான் கார்குழலி. நான் என்ன பண்றது? யாரையாவது கூப்பிடலாமா? பயிற்சி போயிருமே."

அவள் வாசலுக்கு ஓடிப் பெட்டியைத் திறந்து உடல்காணியை எடுத்து வந்து அவர் நெஞ்சில் அழுத்தினாள். இருபத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு இயந்திரம் அவரைப் பார்த்தது. நான்கு நிமிடத்தில் சீராக்கி வண்டி வாசலில் நின்றது.

மதியத்துக்குள் மூளையிலிருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். வால்வையும் திறந்துவிட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். கை மெல்ல அசைந்தது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. சொல்ல வேண்டியது உள்ளே இருந்தது, சொல் கிடைக்கவில்லை.

பயிற்சிப் பொறுப்பாளர் ஹசீனா பேகம் ஆறு பேரையும் தனித்தனியே அழைத்து விசாரித்தார். மற்ற ஐந்து பேரும் தங்களுக்கு எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்கத் தெரியாதது குற்றமில்லை. அவர்கள் அடுத்த நோயாளிக்காகக் காத்திருந்தால் போதும்.

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும் மேடம்," என்றாள் கார்குழலி. "நூத்திப் பன்னெண்டு, எண்பத்தெட்டு. எண்ணிட்டுத்தான் பொய் எழுதினேன்."

ஹசீனா பேகம் நிமிர்ந்து பார்த்தார். "சரியா எண்ணியிருக்கே. இந்த அணியில இதை எண்ணத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான் போலிருக்கு." பிறகு அவள் மணி நேரம் முழுவதையும் ரத்து செய்யும் தாளில் கையெழுத்திட்டார். முந்நூறையும் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மூன்றாம் வாரம் ஹசீனா பேகமே அவளை அழைத்தார். ரத்தினசபாபதியிடம் ஒரு ஒப்புதல் தாளைப் படித்துக்காட்ட வேண்டும்; அவருக்குப் பழகிய குரல் தேவை.

வார்டில் அவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் வாய் திறந்தது. "க... க..." என்றார். கண்ணு என்ற சொல் வரவில்லை. இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அவள் தாளைப் படித்தாள். நரம்புத் தையல் செய்தால் நாற்பது நாளில் பேச்சு முழுவதும் திரும்பிவிடும். ஆனால் பேச்சிழப்பு இப்போது மாநிலத்தில் எங்குமே இல்லாத நோய்; அதனால் இயந்திரங்களின் கட்டாயப் பட்டியலில் அது இல்லை, சிகிச்சை தானாகத் தொடங்காது. அவர் விரும்பினால் தையலைத் தள்ளிவைத்து, பேச்சிழப்புக்கான பாட நோயாளியாகத் தொடரலாம். அதே வீடு. ஆறு மாணவர்கள். வாரம் பன்னிரண்டு வருகை.

படித்து முடிப்பதற்குள் அவர் கண்கள் பளபளத்தன. பேனாவுக்குக் கை நீட்டினார். ஹசீனா பேகம் கொடுத்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்." கார்குழலி தாளின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "ஐயா, இதுல போடாதீங்க. கதவு தொறக்கணும்னுதானே போடறீங்க? நான் வர்றேனுங்க. இதுல கையெழுத்துப் போட்டாலும் வருவேன், போடாட்டியும் வருவேன். நோட்டு இல்லாம வருவேன்."

"கார்குழலி, நீ படிச்சுக்காட்டத்தான் வந்தே," என்றார் ஹசீனா பேகம். குரலில் கோபம் இல்லை. "இப்படி ஒருத்தர் பேச முடியாம முன்னாடி உட்கார்ந்தா என்ன செய்யறதுன்னு நம்ம பிள்ளைங்க யாருக்கும் தெரியாது. நாளைக்கு வலை மறுபடி விழுந்தா?"

"தெரியும் மேடம். அதுக்கு இவர்தான் கிடைச்சாரா?"

ரத்தினசபாபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல முயன்றார். உதடு நடுங்கியது, எச்சில் வழிந்தது. கார்குழலி துடைத்துவிட்டாள். அவர் பேனாவை மேசைமேல் வைத்து, ஒரு விரலால் ஹசீனா பேகத்தின் பக்கம் தள்ளினார்.

"போ... தும்," என்றார்.

மறுநாளே தையல் தொடங்கியது. அந்த நாற்பது நாளும் கார்குழலி மாலையில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சொல் தேடும்போது முந்திக்கொண்டு சொல்லாமல் இருக்கப் பழகினாள். படங்களைக் காட்டிக் கேட்டாள். அவர் கோபத்தில் தட்டை வீசியபோது பொறுக்கி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். நாற்பத்தோராம் நாள் அவர், "நீ இனி வருவியா, இல்ல, சரியாப் போச்சுன்னு நின்னுக்குவியா கண்ணு?" என்று திக்காமல் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேனுங்க," என்றாள்.

அந்த மாலைகளில் ஒரு மணி நேரம்கூட அவள் கணக்கில் சேரவில்லை. அந்த ஆண்டு மாநிலத்தில் அவள் இல்லாமல் பட்டம் பெற்று வெளியேறிய ஆயிரத்து நூறு பேரில், பேச்சிழந்த ஒரு மனிதரின் அருகே எப்படி உட்கார வேண்டும் என்று ஒருவருக்கும் தெரியாது.