கையை நீட்டு

பள்ளிக்கூடத்தின் சாவிக்கொத்து ஆயாம்மாவிடம்தான் இருக்கும். மாடியின் கடைசி அறைச் சாவியைக் கழற்றிக் கொடுக்கும்போது அவள் முழுப் படியும் ஏறி வரவில்லை. இரண்டு படி கீழேயே நின்று கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள்.

"என்னம்மா, முட்டி வலியா?" என்று கேட்டாள் புதிதாக வந்த கதை டீச்சர்.

"வலியெல்லாம் இல்ல. அந்த ரூமுக்கு நான் போறதில்ல. பெருக்கணும்னா சொல்லுங்க, துடைப்பத்தை இங்கயே வச்சுட்டுப் போறேன்."

கதை டீச்சர் சிரித்துக்கொண்டாள். பிள்ளைகளுக்கான புத்தகங்கள் எழுதிப் பேர் வாங்கியவள். இந்த மாதிரி ஒரு பதில் காதில் விழுந்தால் பயப்படுவதற்கு முன்னால் அதை மனதில் குறித்துவைத்துக்கொள்கிற ஆள். வாரத்தில் ஐந்து நாள், வகுப்புகள் விட்டபிறகு மூன்றரையிலிருந்து நாலரை வரை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லித்தர வேண்டும். அதற்குத்தான் வந்திருந்தாள்.

அறையைத் திறந்ததும் அடைத்துக் கிடந்த இடத்தின் புழுக்கம் முகத்தில் அடித்தது. நீள பெஞ்சுகள், இரும்பு பீரோ, ஜன்னலோரம் ஒரு மேசை, கைவைத்த மர நாற்காலி. எல்லாவற்றின் மேலும் தூசி. மேசைமேல் மட்டும் இல்லை. ஈர மை வாடை லேசாக வந்தது. எங்கிருந்து என்று தேடினாள். ஒரு பேனாகூட அங்கே கிடைக்கவில்லை.

பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்த பெண்ணை எல்லாரும் வாயாடி என்றார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் 'உள்ளேன்' என்பதோடு நிறுத்தாமல் அன்றைய வானிலையையும் சேர்த்துச் சொல்லுகிறவள். அவளுடைய அம்மா செத்து ஆறு மாதம்தான் ஆகிறது என்று தலைமை ஆசிரியை முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"நடக்காத ஒண்ணை எழுதுங்க," என்றாள் கதை டீச்சர். "ஆனா அது நடந்திருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்னு உங்களுக்குத் தோணணும்."

பிள்ளைகள் குனிந்து எழுதினார்கள். அவளும் ஒரு நோட்டை எடுத்து அவர்களோடு எழுதத் தொடங்கினாள்.

டக்.

மரத்தை மரத்தால் தட்டுகிற சத்தம். பிள்ளைகள் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். யார் கையிலும் பேனாவைத் தவிர ஒன்றுமில்லை.

நோட்டுகளை வாங்கி பீரோவில் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள். மறுநாள் பீரோவைத் திறந்து நோட்டுகளைப் பிரித்தாள்.

பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகள். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேரான கோடுகள், வரிமேல் வரியாக. எல்லா நோட்டிலும் அப்படித்தான். ஆனால் எல்லா வரியையும் அடிக்கவில்லை. ஒரு பையன் தன் நாய் பேசியதாக நான்கு பக்கம் எழுதியிருந்தான். அதில் 'அது கருப்பு நாய்' என்ற வரி மட்டும் தப்பியிருந்தது.

"உன் நாய் கருப்பா?"

"ஆமா டீச்சர்."

ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். மிஞ்சியிருந்ததெல்லாம் உண்மை. அடிபட்டதெல்லாம் கற்பனை. ஒன்றுகூடத் தவறவில்லை. தன்னுடைய நோட்டையும் பிரித்தாள். வெகுநாள் கழித்து அக்காவைத் தேடிவரும் ஒரு தம்பியைப் பற்றி எழுதியிருந்தாள். இரண்டு பக்கத்தில் ஒரு வரிதான் பாக்கி. 'தம்பி போனை எடுக்கவில்லை.' ஆறு வருஷமாக அவன் எடுக்கவில்லை என்பது இந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது.

வாயாடி தன் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கதை டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் திறந்து காட்டினாள். அம்மா சாயங்காலம் வேலை முடிந்து வருகிறாள், செருப்பைக் கழற்றுகிறாள், 'இன்னைக்கு என்னடி அரட்டை' என்று கேட்கிறாள். எல்லாம் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் சுத்தமாக நின்றது.

'அம்மா இல்லை.'

"எங்க அம்மாவை அடிச்சிருச்சு டீச்சர்," என்றாள்.

அதற்கப்புறம் அன்றைக்கு அவள் வாயே திறக்கவில்லை.

தலைமை ஆசிரியை நோட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"அப்ப நான் என்ன சொல்ல முடியும்? கீழ வேற ரூம் இல்ல. ஒண்ணு பண்ணுங்களேன். கதைக்குப் பதிலா கட்டுரை எழுதச் சொல்லுங்க. நடந்ததை நடந்த மாதிரி. யாருக்கும் தொந்தரவு இல்ல."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்திருந்தது. அவருக்கும் தெரியும் என்று கதை டீச்சருக்குப் புரிந்தது.

படிக்கட்டில் ஆயாம்மா காத்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்கேல் வாத்தியார்," என்றாள். "நானும் இங்க படிச்சவதான். 'என் வீடு'ன்னு எழுதச் சொன்னார். எங்க வீட்டுக்கு மாடி இருக்கு, மாடியில எனக்குன்னு ஒரு ரூம் இருக்குன்னு எழுதினேன். ஓட்டு வீடு எங்களோடது, அவருக்குத் தெரியும். மாடி எங்கேருந்து வந்துச்சுன்னார். கையை நீட்டுன்னார்." வலது கையை விரித்துக் காட்டினாள். மற்ற விரல்கள் மடங்கின. சுண்டு விரல் மடங்கவில்லை. "அதோட படிப்பை விட்டுட்டேன். அவரு கொஞ்ச வருஷம் கழிச்சு அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தாரு. திருத்திக்கிட்டு இருக்கும்போதே."

கதை டீச்சருக்கு அந்த ராத்திரி பயம் வரத்தான் செய்தது. விடிந்தபோது பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

மூன்றாம் நாள் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொன்னாள். "இந்த ரூம்ல ஏதோ இருக்கு. நாம கதை எழுதுறது அதுக்குப் பிடிக்கல. நான் எழுதப் போறேன். பயமா இருக்கிறவங்க வீட்டுக்குப் போகலாம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

மூன்று பேர் போனார்கள். எட்டுப் பேர் இருந்தார்கள். வாயாடி முதல் பெஞ்சிலேயே இருந்தாள்.

"அதையேதான் எழுதப் போறேன்," என்றாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கே அறையில் விளக்குப் போட வேண்டியதாயிற்று. பேனாக்கள் காகிதத்தில் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

விளக்கு அணைந்தது.

டக்.

கடைசி பெஞ்சில்.

டக்.

அதற்கு முந்தைய பெஞ்சில். யாரோ வரிசையாக ஒவ்வொரு பெஞ்சாகத் தட்டிக்கொண்டு முன்னால் வருகிறார்கள். மை வாடை தொண்டையில் ஏறிற்று. நாய்க்கதைப் பையன் பெஞ்சுக்கு அடியில் புகுந்தான். அவன் நோட்டு மேலேயே திறந்து கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு சிவப்புக் கோடு இடமிருந்து வலமாக மெதுவாக நீண்டது.

டக்.

முதல் பெஞ்சு.

வாயாடியின் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது, அவ்வளவு குளிர். அவள் எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் எழுதிய வரியைத் துரத்திக்கொண்டு கோடு வந்தது. அவள் வேகமாக எழுதினாள். கோடும் வேகமாக வந்தது.

"கையை நீட்டு."

கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிக் கிழட்டுக் குரல். கோபமே இல்லாத குரல். அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

பெண்ணின் இடது கை தானாக மேலே எழுந்தது. விரல்கள் விரிந்தன. அவள் இழுத்துப் பார்த்தாள், கை அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

கதை டீச்சர் பாய்ந்து வந்து தன் உள்ளங்கையை அவள் கைமேல் விரித்து வைத்தாள்.

அடி விழுந்தது.

கண்ணில் தண்ணீர் முட்டிற்று. உள்ளங்கையில் ஒரு சிவப்பு வரி, ஸ்கேல் அகலத்துக்குத் தடித்து எழும்பியது. அவள் கையை எடுக்கவில்லை.

"எழுதினாத்தானே அடிப்பீங்க?" என்றாள். "வாயாடி, எழுத வேண்டாம். சொல்லு. வாயால சொல்லு."

பெண் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எங்க அம்மா ஆறு மணிக்கு வருவாங்க," என்றாள். "வந்ததும் செருப்பை வாசல்ல கழட்டி, சுவரோரமா ஜோடியா வைப்பாங்க. இன்னைக்கு என்னடி அரட்டைன்னு கேப்பாங்க."

"பொய்," என்றது குரல்.

"நான் எல்லாத்தையும் சொல்வேன். ஒண்ணு விடாம சொல்வேன். அவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

"பொய். கையை நீட்டு."

இரண்டாம் அடி விழுந்தது. கதை டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெஞ்சுக்கு அடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. "என் நாய் பேசும். என்கிட்ட மட்டும்தான் பேசும்." பின்னாலிருந்து ஒருத்தி தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள், அவளுக்குப் பக்கத்தில் இன்னொருவன். ஒருவர்மேல் ஒருவராக எட்டுப் பேரும் சத்தமாகச் சொன்னார்கள். டக் டக் டக் என்று பெஞ்சு பெஞ்சாக அது ஓடிற்று, எந்த வாயை அடக்குவது என்று தெரியாமல்.

வாசலில் யாரோ மூச்சிரைக்க வந்து நின்றார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்திருந்தாள் ஆயாம்மா. இத்தனை வருஷத்தில் அந்தப் படிகளை முழுதாக ஏறியது அன்றைக்குத்தான். நிலைப்படியைத் தாண்டிக் காலை வைத்தாள். நேராக மர நாற்காலியைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுக்கு மாடி உண்டு," என்றாள்.

சத்தம் நின்றது.

"பதினாலு படி. மேல ஒரு ரூம், எனக்குன்னு. ஜன்னல் பச்சைக் கலரு. இன்னைக்கும் தினமும் அதுல போய்த்தான் தூங்குறேன். அடிக்கிறதுன்னா அடிங்க."

யாரும் அடிக்கவில்லை. நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது, உட்கார்ந்திருந்தவர் எழுந்த மாதிரி. குளிர் மெல்லத் தளர்ந்தது. விளக்கு வந்தபோது எட்டுப் பிள்ளைகளும் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயாடி டீச்சரின் கையைப் பிடித்து ஊதிவிட்டாள்.

மறுநாள் தலைமை ஆசிரியை கதை டீச்சரின் கைக்கட்டைப் பார்த்துவிட்டு, "இன்னுமா நடத்தப் போறீங்க?" என்று கேட்டார்.

"மூணரை மணிக்கு," என்றாள் அவள். "நீங்களும் வேணா வந்து உக்காருங்க."

போயிருந்த மூன்று பேரில் ஒருவன் திரும்பி வந்தான். நோட்டுகளில் புதுக் கோடு எதுவும் இல்லை. பிள்ளைகளின் ஒன்பதையும் எண்ணி எடுத்தபோது அடியில் பத்தாவது ஒன்று இருந்தது. அட்டையில் பெயர் இல்லை. உள்ளே முதல் பக்கத்தில் சிவப்பு மையில், அச்சடித்த மாதிரிக் கையெழுத்தில் இரண்டு வரி.

'ஒரு வாத்தியார் இருந்தார். அவர் எந்தப் பிள்ளையையும் அடித்ததில்லை.'

கதை டீச்சர் அதை ஆயாம்மாவிடம் படித்துக் காட்டினாள். இப்போது ஆயாம்மாதான் அறையைப் பெருக்குகிறாள். துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"இது கதை இல்லம்மா," என்றாள். "இது பொய்."

கதை டீச்சர் பேனாவை எடுத்து அந்த இரண்டு வரிக்குக் கீழே 'மறுபடி எழுதவும்' என்று எழுதினாள். நோட்டை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த நாள் திறந்தபோது அந்தப் பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது. அடுத்த பக்கத்தில், 'ஒரு வாத்தியார் இருந்தார். அவர் ஒரு நாள்' என்று தொடங்கி, வரி பாதியில் நின்றிருந்தது.

விரலால் தொட்டாள். மை இன்னும் காயவில்லை.